பின்னால் சாய்ந்திருக்கிறதாம்

என் கர்ப்பப்பை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பது எங்கள் குப்பம் முழுக்கத் தெரியும். ஐஸ் வண்டிக்காரனுக்குத் தெரியும். வலை பழுது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆண்களுக்குத் தெரியும். எல்லையம்மன் கோயில் பக்கத்து டீக்கடைக்காரர்கூட ஒரு நாள் கிளாஸை நீட்டிக்கொண்டே, இப்போது பரவாயில்லையா என்று என் வயிற்றைப் பார்த்துக் கேட்டார். என் உடம்புக்குள் இருக்கிற, நானே கண்ணால் பார்த்திராத ஒரு சாமானை ஊரே நலம் விசாரிக்கிறது. நான் என்ன பதில் சொல்வது? நன்றாக இருக்கிறது, உங்களையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னது என்றா?

எல்லாம் என் மாமியார் அங்கம்மாவின் கைங்கரியம். கல்யாணமாகி மூன்றாவது வருடமும் ஒன்றும் தங்கவில்லை என்று தேரடிப் பக்கம் இருக்கிற சாரா டாக்டரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர், கர்ப்பப்பை பின்னால் சாய்ந்திருக்கிறது, அது ஒரு குறையே கிடையாது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, அடுத்ததாகக் கணவருக்கு ஒரு டெஸ்ட் எடுத்துவிடலாம் என்று ஒரே மூச்சில்தான் சொன்னார். அங்கம்மா முதல் பாதியோடு எழுந்துவிட்டாள். மீதியைக் கேட்க அவளுக்குப் பொறுமையில்லை. நான் வெளியே வருவதற்குள் வாசலில் நின்று யாருக்கோ போன் போட்டு, பை பின்னால் சாய்ந்துவிட்டதாம், அதனால்தான் நிற்க மாட்டேனென்கிறதாம் என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சாவு விசாரிக்க வருகிற முகத்தோடு வந்து, காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

நான் காலடிப்பேட்டைக்காரி. மோகனப்ரியா என்று அப்பா ஆசையாக வைத்த பெயர். மணலி ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் உள்ளே வருகிற வண்டி, வெளியே போகிற வண்டியைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. எங்கள் வீட்டில் யாரும் கடலுக்குப் போனவர்கள் இல்லை. ஜெகதீசனைக் காதலித்துத்தான் கட்டிக்கொண்டேன். நல்ல மனுஷன். கடலில் எந்தக் காற்றுக்கும் அசராதவன் என்று கூடப் போகிறவர்கள் சொல்வார்கள். கரைக்கு வந்து அப்பா அம்மா முன்னால் நின்றால் வாயில் கொழுக்கட்டை. எனக்கு அவன் மேல் எவ்வளவு ஆசையோ அவ்வளவு எரிச்சலும் உண்டு.

ஜெகதீசனின் அப்பா தேசப்பன் ஒரு பைபர் படகு வைத்திருக்கிறார், குப்பத்தில் அதைப் போட்டு என்பார்கள். அப்பாவும் பிள்ளையும் அதில்தான் தொழிலுக்குப் போகிறார்கள். எங்கள் வீட்டில் மாமனார் மருமகளிடம் இந்த மாதிரி விஷயத்தை நேராகப் பேசுவது கிடையாது. நல்ல பழக்கம்தான். வாயை மூடிக்கொண்டு அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் என்ன செய்தார் என்றால், நான் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது சுவரைப் பார்த்தபடி பெண்டாட்டியிடம் பேச ஆரம்பித்தார்.

"அங்கம்மா, போட்டு பின்னால குந்திகிச்சின்னா நாம இன்னா பண்ணுவோம்? ஐஸ் பொட்டிய முன்னால தள்ளுவோம். பாரத்த முன்னால ஏத்தணும். அவ்ளோதான் விசயம்."

அன்றிலிருந்து என் கர்ப்பப்பைக்கு வீட்டில் போட்டு என்று பெயர். போட்டு எப்படி இருக்கிறது, போட்டுக்கு என்ன செய்யலாம், போட்டை இந்த வாரம் யாரிடம் காட்டலாம் என்று என்னை வைத்துக்கொண்டே பேசினார்கள். தேசப்பன் சொன்ன வைத்தியத்தை அங்கம்மா ஒன்று விடாமல் நடத்தினாள். நான் குப்புறத்தான் படுக்க வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். தலைக்கு ரத்தம் ஏறி எனக்குக் காலையில் கண் இரண்டும் வீங்கிக் கிடக்கும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது, முன்வயிற்றோடு அணைத்துத்தான் தூக்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கேவலம், பைக்கில் ஜெகதீசனுக்குப் பின்னால் உட்காரக்கூடாது. பின்னால் உட்கார்ந்தால் பாரம் பின்னால் போகுமாம். ஷேர் ஆட்டோவில் போனால் டிரைவர் பக்கத்து முன்சீட்டில் ஒண்டிக்கொண்டுதான் போக வேண்டுமாம். பைக்குக்குப் பின்பக்கம் வேறு, என் உடம்புக்குப் பின்பக்கம் வேறு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அங்கம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். படித்த பெண்ணுக்கு இது தெரியவில்லையே என்று அவளுக்கு வருத்தம்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாகச் சாரா டாக்டரிடம் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட அலுத்துப்போன ஒரு ஆளைப் பார்த்ததில் எனக்கு ஒரு நிம்மதி. பிறகு மருந்துக் கவரின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு கொய்யாக்காயைத் தலைகீழாக வரைந்தார்.

இதுதான் கர்ப்பப்பை, அளவும் ஏறக்குறைய இதுதான் என்றார். மேலே அகலம், கீழே குறுகல். குறுகலான பகுதி கழுத்து. கழுத்தின் வாய் கீழே பிறப்புறுப்பின் பாதைக்குள் திறக்கிறது. மாதவிலக்கு வருவதும் அந்த வழிதான், பிள்ளை வருவதும் அந்த வழிதான். மேல்மூலைகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழாய்கள், அவற்றின் நுனிக்குப் பக்கத்தில் பாதாம் அளவில் இரண்டு சினைப்பைகள். பை என்று சொல்கிறோமே தவிர, துணிப்பை மாதிரி தொங்குகிற பை இல்லை. சுவர் முழுக்க நல்ல கெட்டித் தசை, உள்ளே ஒரு இடுக்கு, அவ்வளவுதான். அந்த இடுக்கின் உள்பூச்சு மாதாமாதம் தடித்து, கரு வராவிட்டால் உதிர்ந்துவிடும். முன்னால் மூத்திரப்பை, பின்னால் மலக்குடல், நடுவில் இது.

நிறையப் பேருக்கு இது முன்னால் குனிந்து மூத்திரப்பை மேல் படுத்திருக்கும். ஐந்து பேரில் ஒருத்திக்குப் பின்னால் சாய்ந்திருக்கும். ஆணியடித்து மாட்டியது இல்லை, நார்கள் பிடித்திருக்கின்றன, அதனால் கொஞ்சம் அசையவும் செய்யும், மூத்திரப்பை நிரம்பினால் நகர்ந்தும் கொடுக்கும். உள்ளே ஒட்டலோ கட்டியோ இருந்து அதைப் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். எனக்கு அப்படி எதுவும் இல்லை, தாராளமாக அசைகிறது, பார்த்தாகிவிட்டது. பிள்ளை தங்கினால் மூன்று மாதம் தாண்டும்போது தானாக மேலே எழும்பிவிடும். குப்புறப் படுத்தாலும் நிமிராது, தலைகீழாக நின்றாலும் நிமிராது, நிமிர வேண்டிய அவசியமும் இல்லை.

"எடது கையால எழுதறவங்க இருக்காங்கல்ல? அவங்கள யாராவது ஊனம்னு சொல்லுவாங்களா? அந்த மாதிரிதாம்மா இது. போய் உன் வீட்டுக்காரரை அனுப்பு."

கவரைப் பத்திரமாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அங்கம்மாவை உட்கார வைத்து, படத்தைக் காட்டி, வகுப்பு எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னேன். கொய்யாக்காய் அளவு என்றதுமே அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவ்வளவு சின்னதில் பிள்ளை எப்படிக் கொள்ளும் என்றாள். பிள்ளை வளர வளர அதுவும் வளரும், விலா வரைக்கும் வரும், பிறந்தபின் சுருங்கிவிடும் என்றேன். அதெல்லாம் உங்களை மாதிரி ஆபீஸ் போகிறவர்களுக்கு, எங்களுக்கெல்லாம் பலாப்பழம் அளவில் இருந்தது, அதனால்தான் மூன்று பிள்ளைகள் வந்தன என்றாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, மோகனாவுக்குக் கொய்யாக்காயாம் என்று படத்தைக் காட்டினாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எனக்கும் கண்ணில் தண்ணீர்தான் வந்தது, சிரிப்பால் இல்லை.

ஜெகதீசனிடம் டெஸ்ட்டைப் பற்றிச் சொன்னேன். அவன் முதலில் தலையாட்டினான். மறுநாள் கடலுக்குப் போய் வந்தபின், அப்பா கேட்டால் என்ன சொல்வது என்றான். அப்பாவிடம் கேட்டுக்கொண்டா இதையெல்லாம் செய்வார்கள் என்றேன். ஆண்பிள்ளைக்கு என்ன டெஸ்ட், ஸ்கேனில்தான் உன் பக்கம் தெரிந்துவிட்டதே என்று அம்மா சொல்கிறாள் என்றான். அம்மா சொல்கிறாள், அப்பா சொல்கிறார், நீ என்னடா சொல்கிறாய் என்று கேட்டேன். இந்த டா போட்டுப் பேசுவது எனக்குக் கோபம் வந்தால் மட்டும் வரும். அவன் என் தலையைத் தடவிக் கொடுத்தான். அந்தக் கையைக் கடித்துவிடலாம் போல இருந்தது.

அதற்குள் வீட்டில் முடிவே எடுத்துவிட்டார்கள். பழவேற்காடு பக்கமிருந்து ஆவுடையம்மாள் என்று ஒருத்தி வருவாள், பை தூக்குவதில் கெட்டிக்காரி, எண்ணெய் போட்டு அடிவயிற்றை அமுக்கி மேலே தள்ளினால் சாய்ந்த பை நிமிர்ந்துவிடும். அவள் தூக்கியும் நிமிராவிட்டால், நிமிர்கிற வரைக்கும் நான் காலடிப்பேட்டையில் அம்மா வீட்டில் இருக்க வேண்டும். கேட்பதற்கு என்னமோ ஓய்வுக்கு அனுப்புகிற மாதிரி இருக்கும். எங்கள் தெருக்கோடியில் துரை என்று ஒருத்தன், அவன் பெண்டாட்டியையும் இப்படித்தான் உடம்பு தேறட்டும் என்று ஆடியில் அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். தை பிறந்தபோது துரை புதுப் பெண்டாட்டியோடு கோயிலுக்கு வந்தான். அவள் இன்னும் தேறிக்கொண்டே இருக்கிறாள். நிமிரவே தேவையில்லாத ஒன்று நிமிர்கிற வரைக்கும் நான் காத்திருக்க வேண்டுமென்றால், என் ஜெகதீசனை நான் எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

டாக்டரிடம் போனில் கேட்டேன். யாரையும் வயிற்றில் கை வைத்து அமுக்க விடாதே, ஒரு பிரயோசனமும் இல்லை, எக்குத்தப்பாக ஏதாவது ஆகிவிடும் என்றார். ஜெகதீசனோ, ஒரே ஒரு தடவை செய்துகொள், அவர்கள் வாயை அடைத்துவிடலாம் என்று கெஞ்சினான். அவன் கெஞ்சினால் எனக்கு மறுக்க வராது. அதற்காக என்னை நானே திட்டிக்கொண்டு சரி என்றேன்.

இந்தக் கூத்துக்கு நடுவில் அங்கம்மாவுக்கே உடம்பு சரியில்லாமல் இருந்தது. அவள் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் தண்டையார்பேட்டையில் கொண்டுபோய் விற்கிறவள். அன்னக்கூடையைத் தலையில் ஏற்றுகிறபோதெல்லாம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மூத்திரம் போகிற இடத்தில் எரிச்சல், போய்விட்டு வந்த உடனே மறுபடி போக வேண்டும். மாதக்கணக்கில் இதை மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். என் உள்ளுறுப்பை ஊருக்கு ஒலிபெருக்கி வைத்துச் சொன்னவளுக்குத் தன் எரிச்சலைச் சொல்ல வெட்கம். ஆவுடையம்மாள் சாயங்காலம் வருவதாக இருந்த அன்று காலையில், வலி தாங்காமல் அவள் அடுப்பங்கரையில் குந்திவிட்டாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். என் குணம் அப்படி இல்லை. பிடித்து எழுப்பி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும், வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு வாருங்கள் என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள். பெரிய பாட்டில் தண்ணீரைக் குடிக்க வைத்து ஷேர் ஆட்டோவில் ஏற்றினேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வால் தெரியாமல் நின்றுகொண்டிருந்தன. எங்கள் ஆட்டோ இரண்டு கன்டெய்னருக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. அங்கம்மா முதலில் முருகனைக் கூப்பிட்டாள். பிறகு எல்லையம்மனைக் கூப்பிட்டாள். பிறகு முன்னால் நின்ற டிரெய்லர் டிரைவரின் பரம்பரையைக் கூப்பிட்டாள். அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பேஜாராக இருக்கிறது, இறங்கி ஒரு ஓரமாகப் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று என் கையைப் பிடித்து நசுக்கினாள். போனால் மறுபடி முதலிலிருந்து குடிக்க வேண்டும் என்றேன். இதையெல்லாம் நான் எத்தனை தடவை செய்தேன் தெரியுமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டேன்.

ஒரு வழியாக ஸ்கேன் முடிந்து, கழிவறைக்கு ஓடிப் போய்விட்டு வந்து, டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். மூத்திரப் பாதையில் கிருமி, மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும், பாரம் தூக்குவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள், வேறு பயப்பட ஒன்றுமில்லை என்றார். கர்ப்பப்பையும் நன்றாக இருக்கிறது, மாதவிலக்கு நின்றுபோனதால் சுருங்கி எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துவிட்டது என்றார். அங்கம்மா, எலுமிச்சம்பழமா என்று முனகினாள். டாக்டர் ரிப்போர்ட்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"உங்களுக்கும் பின்பக்கம்தான் சாஞ்சிருக்கு. உங்க மருமகளுக்கு இருக்கிற மாதிரியேதான்."

எப்போதிலிருந்து அப்படி இருக்கும் டாக்டர், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இருந்திருக்கும்தானே என்று அவசரமாகக் கேட்டேன். அவர் யோசித்து, அது இப்போது சொல்ல முடியாது, சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கலாம், பிள்ளை பெற்ற பிறகு சாய்ந்திருக்கவும் செய்யலாம், எப்படி இருந்தாலும் அதனால் ஒன்றும் இல்லை என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? என் வாழ்க்கையே அந்த ஒரு வார்த்தையில் தொங்குகிறது, எனக்காக ஒரு சின்னப் பொய் சொல்லக்கூடாதா இந்த அம்மாள்? படித்தவர்களுக்கு எங்கே நேர்மையாக இருக்க வேண்டும் என்கிற விவஸ்தையே கிடையாது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் பின்சீட்டில். ஆமாம், நான் பின்சீட்டில்தான் உட்கார்ந்தேன், அவள் ஒன்றும் சொல்லவில்லை. வெகுநேரம் கடற்கரைக் கருங்கல் குவியலையே பார்த்துக்கொண்டு வந்தாள். குப்பம் நெருங்கும்போது, மூன்று பிள்ளை பெற்றதால் சாய்ந்திருக்கும் என்றாள். சரி, அப்படியே இருக்கட்டும் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் என் முழங்கையைத் தொட்டாள்.

"வூட்ல சொல்லாத மோகனா. அந்தாளு காதுல வுழுந்துச்சுன்னா வாய்க்கு வந்தத பேசும்."

பெற்றதால் சாய்ந்ததுதானே, அதில் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவள் மறுபடி வெளியே திரும்பிக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. என்னுடையதை மீன் விலை மாதிரி கூவி விற்றாயே, அப்போது என் மானம் எங்கே போயிற்று என்று கேட்டுவிட்டேன். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். அங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சொல்கிறேன் என்றும் நான் சொல்லவில்லை, சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவளே சொல்லட்டும் என்று ஒரு பிடிவாதம் எனக்கு. நான் சொன்னால் தேசப்பன், மருமகள் தப்பிப்பதற்காக மாமியார் மேல் பழி போடுகிறாள் என்றுதான் நினைப்பார்.

சாயங்காலம் ஆவுடையம்மாள் வந்துவிட்டாள். கை இரண்டும் தச்சனுக்கு இருக்கிற மாதிரி. நடுக்கூடத்தில் பாயை விரித்து என்னைப் படுக்கச் சொல்லி, புடவையைத் தளர்த்தினாள். விளக்கெண்ணெயைச் சூடாக்கிக் கிண்ணத்தில் கொண்டுவந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தது அங்கம்மாதான். வாசலில் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் தேசப்பன் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஜெகதீசன் போட்டு இன்ஜினைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருடைய நிழலும் திரையில் தெரிந்தது.

நான் கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். அங்கம்மா இப்போது சொல்வாள், எண்ணெய் ஊற்றும்போது சொல்வாள், ஆவுடையம்மாள் கை வைக்கும்போது சொல்வாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆவுடையம்மாள் கை வைத்துவிட்டாள். இரண்டு கட்டைவிரலையும் தொப்புளுக்குக் கீழே புதைத்து உள்ளே இடித்து மேலே தள்ளினாள். உயிர் போகிற வலி. கத்தினேன். கத்தினால்தான் பை அசைகிறது என்று அர்த்தம் என்றாள் அந்தப் புண்ணியவதி. அங்கம்மா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். அந்த நிமிஷத்தில் அவளை நான் முழுசாக வெறுத்தேன்.

வெளியே தேசப்பன் தொண்டையைக் கனைத்தார். வழக்கம்போல யாரையும் பார்க்காமல், தெருவைப் பார்த்துத்தான் பேசியிருப்பார்.

"அங்கம்மா, இந்த ஒரு தபா பாப்போம். அப்பால காலடிப்பேட்டைல கொண்டுபோய் வுட்டுர வேண்டிதுதான். பின்னால குந்தின போட்ட வச்சிகினு எத்தினி வருசம் கரையிலயே கெடக்கறது? வேற போட்டு பாக்கணும்."

இன்ஜின் மேல் உரசிக்கொண்டிருந்த துணிச் சத்தம் நின்றது. ஜெகதீசன் ஏதாவது பேசுவான் என்று காத்திருந்தேன். பேசவில்லை. எனக்கு வயிற்றை விட்டுவிட்டு மார்பில் வலிக்க ஆரம்பித்தது. ஆவுடையம்மாள் இன்னொரு தடவை அமுக்குவதற்காகக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டாள்.

அங்கம்மா கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னைச் சமாதானப்படுத்தப் போகிறாள் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் நவுந்து படு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் என் இடுப்பில் கை கொடுத்துத் தள்ளிவிட்டு, அந்த ஒற்றைப் பாயில் எனக்குப் பக்கத்திலேயே மல்லாந்து படுத்தாள். ஆவுடையம்மாளிடம், முதலில் எனக்குத் தூக்கு என்றாள். ஆவுடையம்மாள் முழித்தாள். அங்கம்மா திரைச்சீலையைப் பார்த்து, ஏலத்தில் பேசுகிற அதே குரலில் பேசினாள்.

"யோவ். எனுக்கும் பின்னாலதான் சாஞ்சிகீது. காலைல ஸ்கேனு எட்து பாத்து சொன்னாங்க. என்னிய எங்க கொண்டுபோய் வுடப்போற? எங்கம்மா செத்து எத்தினி வருசம் ஆவுது, தெரிமா ஒனுக்கு?"

ஆவுடையம்மாள்தான் மெதுவாக, பிள்ளை பெற்ற பிறகு சாய்ந்திருக்கும் அக்கா, அது வேறு, இது வேறு என்று எடுத்துக் கொடுத்தாள். அங்கம்மா ஆட்டோவில் பிடித்துத் தொங்கிய அதே வார்த்தை. இப்போது அதை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"அது எப்ப சாஞ்சிச்சோ, யாரு கண்டா?" என்றாள். "எனுக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இவளுத நிமிர்த்தணும்னா எனுதயும் நிமிர்த்து. இல்லன்னா எண்ணெய எட்துகினு கெளம்பு."

தேசப்பனின் நிழல் சேரிலிருந்து எழுந்தது. உள்ளே வரப் போகிறார் என்று பயந்தேன். செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது, தெருவில் நடந்து போகிற சத்தம் கேட்டது. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தது ஜெகதீசன். கையெல்லாம் கிரீஸ். பாயில் கிடக்கிற எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான், எண்ணெய்க் கிண்ணத்தைக் குனிந்து எடுத்தான், அடுப்பங்கரையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். நாளைக்குத் தொழிலுக்குப் போகவில்லை, டாக்டரிடம் வருகிறேன் என்றான். மூன்று வருடத்தில் இந்த மனுஷன் தானாக எடுத்த முதல் முடிவு, அதையும் இரண்டு பெண்கள் தரையில் விழுந்த பிறகுதான் எடுத்தான். சந்தோஷப்படுவதா, கிண்ணத்தைப் பிடுங்கி அவன் தலையில் போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆவுடையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நாங்கள் எழுந்திருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, எல்லாவற்றையும்விடக் கோபம்தான் அதிகமாக வந்தது. என் வயிற்றில் அந்தக் கட்டைவிரல்கள் இறங்குவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாமே, அதற்குள் என்ன முகூர்த்தம் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்பதற்காக அவள் பக்கம் திரும்பினேன். அவள் ஏற்கெனவே என் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். என் அடிவயிற்றில், சிவந்துபோயிருந்த இடத்தில், உள்ளங்கையை வைத்தாள். அமுக்கவில்லை, சும்மா வைத்தாள்.

"வலிக்குதாம்மே?" என்றாள்.

இந்த ஊரில் அதை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. வலிக்கிறது அத்தை என்று சொல்லிவிட்டு, அவள் தோளில் முகத்தை வைத்து அழுதேன்.